அடைக்காமல் விட்ட துவாரம்

மேற்கிலிருந்து மழை அடித்தால் அந்த வீட்டில் தரை நனையும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே யாரோ எப்போதோ வைத்த பூச்சு காய்ந்து வெடித்திருந்தது. விரலால் நெம்பினாலே துண்டு துண்டாகக் கையோடு வந்தது. பால்கனிக் கதவின் அடிப்பக்கம் அதைவிட மோசம். பழைய துணிகளை முறுக்கித் திணித்து ஒரு மழைக்காலத்தை எப்படியோ ஓட்டிய வாலு, அடுத்த மழை தொடங்கியதும் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"ஊர்ல இருக்கிறவங்க ஜன்னலை எல்லாம் அடைக்கிற. கூடப் பொறந்தவ வீட்டுக்குள்ள மீன் வளர்க்கலாம் போல இருக்கு. வர்றியா, இல்ல தூண்டில் வாங்கட்டுமா?"

வாலு என்பது அவளுக்குச் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். கல்யாணம் ஆன பிறகும், குட்டி என்று எல்லோரும் கூப்பிடும் குழந்தை பிறந்த பிறகும் அது உதிரவில்லை. அண்ணனுக்கு உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு, ஜன்னல் கதவுகளைச் சுற்றித் தண்ணீர் புகாமல் சிலிக்கான் பூசும் வேலை. வாரம் முழுக்க அதையே செய்கிறவனுக்கு விடுமுறை நாளில் மறுபடியும் சிலிக்கான் ட்யூபை அழுத்தும் கன்னைத் தொட மனசு வராது. ஆனால் வாலு கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. அப்பா போன பிறகு அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதும் அவன்தான், அவள் செய்த சேட்டைக்கெல்லாம் டீச்சரிடம் திட்டு வாங்கியதும் அவன்தான்.

மழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். மாப்பிள்ளை பஸ் ஓட்டுநர். அன்றைக்கு அவருக்கு டியூட்டி. வீட்டில் வாலுவும் குட்டியும் மட்டும் இருந்தார்கள்.

பழைய பூச்சை முழுதாக வெட்டி எடுப்பதிலேயே பாதிப் பகல் போய்விட்டது. அதன்மேலேயே புதுசைப் பூசிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது ஒரு மழைக்குத்தான் தாங்கும். இடுக்கில் இருந்த தூசியைத் தட்டித் துடைத்து, ஆழமான இடத்தில் நுரைக் கயிற்றைத் திணித்து, இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்டினான். பிறகு சிலிக்கான் ட்யூபின் மூக்கைச் சாய்வாக வெட்டி, கையெடுக்காமல் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து அதை வழித்துவிட்டு, மேலே தோல் கட்டி இறுகும் முன் டேப்பை உரித்தான். சுவரும் சட்டமும் ஒன்றாகவே பிறந்த மாதிரி இருந்தன.

வாலு பக்கத்திலேயே நின்று பார்த்தாள். நிற்பாளே தவிர வாய் சும்மா இருக்காது.

"குடு, நான் ஒண்ணு இழுக்கறேன்."

"இது கோலமாவு இல்லடி. கை ஆடினா அசிங்கமாயிடும்."

"அசிங்கமானா நான்தானே பாக்கப் போறேன், குடு."

கொடுத்தான். முதல் இழுப்பு புழு ஊர்ந்த மாதிரி வந்தது. இரண்டாவது பரவாயில்லை. சமையலறை ஜன்னலுக்கு வந்தபோது அவளுக்குக் கை பழகிவிட்டது. விரலால் வழிக்க மட்டும் அருவருப்புப்பட்டாள். உள்ளே போய் ஒரு டீஸ்பூன் எடுத்து வந்து அதன் முதுகால் வழித்தாள். பூச்சின் நடுவே லேசான பள்ளம் விழுந்தாலும் அதுவும் ஒரு அழகாகத்தான் இருந்தது.

"எங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்க, வர்றியா?" என்றான் அண்ணன்.

"கயித்துல தொங்கணுமே. உன்ன மாதிரி குரங்கு ஜாதியா நான்?"

குட்டி கைதட்டிச் சிரித்தது. எதற்கென்று அதற்கே தெரியாது.

ஜன்னல் சட்டத்தின் அடியில் இருந்த சின்ன ஓட்டைகளை வாலு காட்டினாள். அவற்றை அடைக்கக்கூடாது என்று சொன்னான். சட்டத்துக்குள் இறங்குகிற தண்ணீர் வெளியேற அதுதான் வழி; அடைத்தால் வீட்டுக்குள் திரும்பிவிடும். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கடைசியாகக் குளியலறை. இத்துணூண்டு அறை. ஒரு சின்ன ஜன்னல், சுவரில் கேஸ் ஹீட்டர், அதற்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கம்பி வலை போட்ட ஒரு துவாரம். ஜன்னலைச் சுற்றிப் பூசி முடித்தபோது அண்ணனுக்குத் தோள் கழன்றுவிடும் போல் இருந்தது, பசி வேறு.

"இதையும் அடைச்சிடேன், சாரல் அடிக்குது" என்று வாலு துவாரத்தைக் காட்டினாள்.

"அது வேணாம், அது அப்படியே இருக்கட்டும். சாப்பாடு போடு முதல்ல."

ஏன் இருக்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மீதமிருந்த ட்யூபையும் பழைய கன்னையும் அவளிடமே விட்டுவிட்டுப் போனான். எங்கேயாவது ஒழுகினால் அவளே ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தான்.

மழை திரும்பி வந்தது. இந்த முறை வீட்டுக்குள் ஒரு சொட்டுகூட வரவில்லை. "என் வீடு இப்போ நீர்மூழ்கிக் கப்பல்" என்று போனில் பெருமையடித்துக்கொண்டாள். அதுதான் அவன் கடைசியாகக் கேட்ட அவள் குரல்.

ஓர் அடைமழை நாளில் குட்டியைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, தொப்பலாக நனைந்து வீடு திரும்பிய வாலு, வெந்நீரில் குளிக்கப் போனாள். காலை ஷிப்ட் முடிந்து மாப்பிள்ளை வந்தபோது குளியலறைக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் கூடம் வரை ஓடிவந்திருந்தது. கூப்பிட்டார், தட்டினார், பிறகு தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அசதியில் கண்ணயர்ந்தவள் போலத்தான் இருந்தாள். முகம்கூடச் சிவப்பாக, நல்ல நிறத்தோடு இருந்தது. அதனால்தான் ஆம்புலன்ஸ் வரும் வரை மாப்பிள்ளை அவளை உலுக்கிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் வந்து சேர்ந்தபோது அவளைக் கொண்டுபோயிருந்தார்கள். அம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. வாலுவின் ஈரக் குடை கதவு மூலையில் விரித்தபடி கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை யூனிபாரத்தோடு சுவரோரம் நின்றார்.

குளியலறையிலிருந்து போலீஸ் அதிகாரி வெளியே வந்தார். "அடுப்பாகட்டும் ஹீட்டராகட்டும், எரியறதுக்குக் காத்து வேணும். காத்து பத்தலன்னா விஷவாயு வரும். வாசனை கிடையாது, புகை கிடையாது. ஆளுக்குத் தெரியறதுக்குள்ள மயக்கம் வந்துடும்" என்றார். பிறகு, "அந்த வென்டிலேட்டரை அடைச்சது யாரு?" என்று கேட்டார்.

அதிகாரி மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"வீட்டுல அடைக்கிற வேலை எல்லாம் மச்சான்தான் பண்ணாரு" என்றார் மாப்பிள்ளை. தலை நிமிரவில்லை.

"நான் அதை அடைக்கலையே!" என்றான் அண்ணன்.

அவனை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். கம்பி வலையின் மேல், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி ஒன்றை அளவாக வெட்டி வைத்திருந்தது. நான்கு பக்கமும் சிலிக்கான். வெட்டு விழாத, எங்கும் அறுபடாத பூச்சு. மூலைகளில்கூடப் பிசிறு இல்லை. நடுவே சீராக ஒரு பள்ளம், ஸ்பூனின் முதுகு போன பள்ளம்.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். சுத்தமான வேலை. தானே செய்திருந்தாலும் இவ்வளவுதான் செய்திருக்க முடியும் என்று தோன்றியது. அடுத்த நொடி அப்படித் தோன்றியதற்காகத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது.

"நீ அடைக்கலன்னா வேற யாருடா அடைச்சது?" அம்மா குளியலறை வாசலில் வந்து நின்றிருந்தார். "சொல்லுடா. நீதானே வந்த? நீதானே நாள் முழுக்க இங்க கெடந்து இழுத்து இழுத்துப் பூசின? இது யாரு, பேயா வந்து அடைச்சுது?"

அவன் வாயைத் திறந்தான். அவளேதான் அடைத்தாள் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னால் அம்மா இனி எதை நினைத்துக்கொள்வார்? ஸ்டூலைப் போட்டு ஏறி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் கையாலேயே அந்தத் துவாரத்தை அடைத்த மகளைத்தான் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்வார். அவன் வாயை மூடிக்கொண்டான். ஸ்டேஷனில் அதிகாரி தனியாகக் கேட்டபோதும், "நான் அடைக்கல, ட்யூபை மட்டும் இங்க விட்டுட்டுப் போனேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. விபத்து என்று எழுதி முடித்துக்கொண்டார்கள்.

வீட்டில் அப்படி முடியவில்லை. எல்லாம் ஆன பிறகு அம்மா வாலுவின் வீட்டிலேயே தங்கிக் குட்டியைப் பார்த்துக்கொண்டார். மகனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம், "இவன் கை பட்டு என் பொண்ணு போயிட்டா" என்று அவன் காதுபடவே சொன்னார். சொந்தக்காரர்கள் அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவன் மனைவிக்கு, வாலுவின் அண்ணிக்கு, பொறுக்கவில்லை.

"நீங்க பண்ணலன்னு எனக்குத் தெரியும். வாயத் திறந்து சொன்னா என்ன? பித்துப் பிடிச்ச மாதிரி இருக்கீங்க."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லன்னா ஏன் தூங்க மாட்டேங்கறீங்க?"

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அண்ணியிடம் சொன்னால் அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து அம்மாவிடம் போய் நிற்பாள் என்று அவனுக்குத் தெரியும். உண்மையில் அவனை அரித்தது பழி அல்ல. பசிக்கிறது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டோமே, ஏன் வேண்டாம் என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாளே என்பதுதான். சொன்னால் கேட்கிற பெண்தான் அவள். ஜன்னலடி ஓட்டைகளை அவள் தொடவே இல்லை. அவள் இறந்த அன்று அந்த வீட்டுக்குப் போனபோது ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

மழைக்காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. ஒரு மத்தியான வேளையில், உயரமான கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். இடுப்பில் பெல்ட் மாட்டியிருந்தது. படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளை வந்தார். சவரம் செய்து நாளாகியிருந்தது. யூனிபாரம் உடம்பில் தொளதொளவென்று ஆடியது.

"வாங்க மாப்ள. குட்டிக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மச்சான். உங்கள பாக்கத்தான் வந்தேன்."

மாப்பிள்ளை வந்து கைப்பிடிச் சுவரின் பக்கம் நின்றார். கீழே வண்டிகள் போகிற சத்தம் லேசாகக் கேட்டது.

"அத அடைச்சது அவதான்" என்றார்.

அண்ணன் கயிற்றைக் கீழே வைத்தான். "தெரியும்."

மாப்பிள்ளை அதை எதிர்பார்க்கவில்லை. "தெரியுமா? தெரிஞ்சுமா இவ்ளோ பேச்சையும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"மச்சான், உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு." "அடைக்கச் சொன்னதே நான்தான். விடிகாலைல டியூட்டிக்குக் குளிக்கப் போனா முதுகுல ஐஸ் வெச்ச மாதிரி காத்து அடிக்கும். அடைச்சா என்னன்னு கேட்டேன். அண்ணன் வேணாம்னு சொல்லிச்சுங்கன்னு சொன்னா. நான் சொன்னேன்... உங்கண்ணனுக்கு அன்னிக்கு வேலை செய்யச் சோம்பேறித்தனம், அதான் சாக்கு சொல்லிட்டுப் போயிட்டாருன்னு."

மாப்பிள்ளை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"மறுநாள் வந்து பாத்தா அடைச்சு வெச்சிருந்தா. குட்டியோட பொம்மை டப்பா மூடியை வெட்டி. எப்படி இருக்குன்னு கேட்டா. உங்க அண்ணனையே தூக்கிச் சாப்பிட்டுட்டியேடின்னு சொன்னேன். எவ்ளோ சந்தோஷப்பட்டா தெரியுமா? அதுக்கப்புறம் எனக்கு வண்டி ஓட்டும்போது ஒரே தலைவலி. கண்ணு கெட்டுடுச்சுன்னு நினைச்சேன். கண் டாக்டர்கிட்ட போனேன் மச்சான், கண் டாக்டர்கிட்ட!"

"அன்னிக்கு போலீஸ்கிட்ட..."

"வாய்ல வந்துடுச்சு. உங்க பேர் வாய்ல வந்துடுச்சு. அப்புறம் உங்கம்மா உங்கள திட்ட ஆரம்பிச்சாங்க. நீங்களும் சும்மா நின்னீங்க. அப்படியே விட்டுட்டேன்."

அண்ணன் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். "என் தங்கச்சிடா அவ! நான் வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கேன். உனக்கு முதுகு குளிருதா? முதுகு குளிருதாடா உனக்கு?"

கைப்பிடிச் சுவர் மாப்பிள்ளையின் இடுப்புயரம்தான். அவர் உடம்பு அதன்மேல் பின்பக்கமாகச் சாய்ந்தது. அண்ணனின் கையை அவர் தடுக்கவில்லை, எதையும் பிடித்துக்கொள்ளவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் பயம் இல்லாததைக் கண்டதும்தான் அண்ணனுக்கு உறைத்தது. வாலுவின் வீட்டிலோ தெருமுனையிலோ சொல்லியிருக்கக்கூடியதைச் சொல்ல, இந்த ஆள் ஏன் இத்தனை மாடி ஏறி வந்தான் என்று.

பிடித்த பிடியை விடாமல் மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து, தண்ணீர்த் தொட்டியின் சுவரோடு சேர்த்து உட்கார வைத்தான். தன் இடுப்பு பெல்ட்டின் கொக்கியை எடுத்து அவருடைய இடுப்பு வாரில் மாட்டினான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. இருவரும் ஒரே கயிற்றில் கட்டிப்போட்டது போல் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதார். அண்ணனுக்கு அழுகை வரவில்லை. வாய்க்குள் ஒரு கெட்ட கசப்பு மட்டும் இருந்தது.

"குட்டிக்கு அப்பாவும் இல்லாமப் பண்ணலாம்னு வந்தியா?" என்று கேட்டான் கடைசியில்.

அண்ணன் கொக்கியைக் கழற்றினான்.

"எழுந்திரு. வந்து அம்மாகிட்ட சொல்லு."

அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை நின்றபடியே சொன்னார். எதையும் விடாமல், குளிர்ந்த முதுகையும், சோம்பேறித்தனம் என்று சொன்னதையும், தூக்கிச் சாப்பிட்டுவிட்டாய் என்று சிரித்ததையும் சொன்னார். அம்மா குழாயை மூடவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன்தான் போய் மூடினான்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்று மகனைக் கேட்டார்.

"அன்னிக்கே. பாத்ததுமே அவ கை வேலைன்னு தெரிஞ்சுது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"உங்களுக்குத் தெரிய வேணாம்னு நினைச்சேன்மா."

"ஓ. எனக்காக." அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "நான் பெத்த புள்ளையவே கொலகாரன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அதுக்கு நீ என்னைய விட்டுட்ட. எனக்காக."

அம்மா மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். கத்துவார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

"அடைச்சு முடிச்சதும் சந்தோஷப்பட்டாளா?"

"ஆமாங்க."

"ரொம்பவா?"

"ரொம்ப."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அந்த நாள் முதல் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அருகில் போன மகனைக் கையால் தள்ளினார். "போங்க. ரெண்டு பேரும் போங்க. யார் மூஞ்சியும் பாக்கப் பிடிக்கல எனக்கு."

அதன் பிறகு பெரிதாக எதுவும் சரியாகிவிடவில்லை. அம்மா சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, தான் மகனைப் பற்றிச் சொன்னது தப்பு என்று சொன்னார். மகனிடம் நேரில் அதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளையைக் கடைசி வரை மன்னிக்கவில்லை. ஆனால் அவர் வருவதற்குள் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, அவர் காலடிச் சத்தம் கேட்டதும் உள்ளறைக்குப் போய்விடுவார். மாப்பிள்ளை அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, டிப்போ பக்கம் ஹீட்டர் இல்லாத ஓர் அறை பார்த்துக்கொண்டார். குட்டி அண்ணன் வீட்டுக்கு வந்தது, அம்மாவும் கூடவே வந்தார். விடுமுறை நாட்களில் மாப்பிள்ளை வந்து குட்டியைக் கூட்டிப்போவார். மச்சான்கள் இருவரும் வாசலில் நின்று மழையைப் பற்றியும் ஷிப்ட் பற்றியும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். மாப்பிள்ளையின் பார்வை அண்ணனின் சட்டைப் பொத்தானுக்கு மேல் ஏறாது. அண்ணனும் அதை ஏற்றிவிட முயலவில்லை. மனசில் ஒரு இடம் அவருக்காக இளகும்; அடுத்த நாளே கல்லாகிவிடும்.

குட்டியைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில், வேலைக்குப் போகும் வழியில் அண்ணன்தான் அதைக் கொண்டுபோய் விடுவான். ஒரு நாள் நடந்துகொண்டே இருந்த குட்டி சட்டென்று கேட்டது.

"மாமா, அம்மா தூங்கும்போதா செத்தாங்க? பாட்டி தூங்கும்போதுன்னு சொல்றாங்க."

அவன் நடையைத் தளர்த்தினான். "இல்லடா கண்ணு. குளிக்கும்போது."

"வலிச்சுதா?"

"வலிச்சிருக்காது. தூக்கம் வர்ற மாதிரி இருந்திருக்கும்."

"அப்புறம் ஏன் கதவைத் திறந்து வெளிய வரல?"

"உள்ள இருந்த காத்து கெட்டுப்போச்சு. அது கெட்ட காத்துன்னு அவளுக்குத் தெரியல. அவளுக்கு யாரும் சொல்லல."

குட்டி அதை யோசித்தது. "நீங்களும் சொல்லலையா?"

"நானும் சொல்லல."

அது அவன் கையை விட்டுவிடும் என்று நினைத்தான். விடவில்லை. கொஞ்ச தூரம் போனதும், கால் வலிக்கிறது என்றது. வளர்ந்த பிள்ளை, கனமாக இருந்தது. கருவிப் பையை ஒரு தோளுக்கு மாற்றிவிட்டு, பள்ளிக்கூட வாசல் வரை தூக்கிக்கொண்டே போனான்.